தையலுக்கு அரை அங்குலம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஒரு தையல் கடையில், உடை போட்டுப் பார்க்கும் மறைப்புக்குள், இரண்டு கைகளையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு நின்றபோது கேட்டேன்.

பழைய கோட்டு ஒன்றைச் சிறிதாக்கக் கொடுத்திருந்தேன். (கோட்டு பெரிதாகவில்லை. நான்தான் வயதாகி இளைத்துவிட்டேன்.) தையல்காரர் அக்குள் முதல் இடுப்பு வரை குண்டூசி குத்திவிட்டு, "அசையாதீங்கம்மா, சாக்பீஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று திரைக்கு அந்தப் பக்கம் போனார். அதே நேரம் கடைக்குள் யாரோ வந்தார்கள். போனவர் என்னை மறந்தே போனார்.

கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் நிமிடத்தில் கூப்பிட்டிருக்கலாம். மூன்றாவது நிமிடத்தில் கூப்பிட்டால், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்களா என்று ஆகிவிடும். பத்தாவது நிமிடத்தில் எனக்கு வெளியே வரும் எண்ணமே இல்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன்.

"தபாலில் கழுத்து வந்த அன்று தையல்காரருக்கு உடம்பு இன்னும் வந்து சேரவில்லை." (கொலைக்கதை என்று எதிர்பார்ப்பீர்கள். மூன்றாம் பத்தியில் என்னைத் திட்டுவீர்கள். அடித்துவிட்டேன்.)

"மின்கிட்டார் என்பது மரமும் கம்பியும் காந்தமும்" (நானே மேலே படிக்கமாட்டேன்.)

"அண்ணனும் தங்கையும் முப்பத்தோரு ஆண்டுகளாக ஒரு விஷயத்தை மட்டும்" (இந்த வாக்கியம் கைக்குட்டையைத் தேடிக்கொண்டு எங்கே போகிறது என்று தெரிந்தது. பாதியில் இறக்கிவிட்டேன்.)

ஆகவே, காதில் விழுந்தபடியே:

"வந்துட்டியா பாப்பா? ஈயம் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன், கொண்டாந்தேன். இது என்னண்ணா, மேசை பூரா?"

"கிட்டார். எல்லாம் மாட்டிட்டேன். உள்ள ஒயரு மட்டும்தான் பாக்கி. அது எனக்கு வராது."

"யாருக்கு?"

"ஒரு கஸ்டமருக்கு."

"தையல் கடையில வந்து கிட்டார் கேட்ட கஸ்டமரா?"

"உலகத்துல பல மாதிரி ஆளுங்க இருக்காங்க. நீ ஒயரைப் பாரு."

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். குரலுக்கு ஐம்பது வயது இருக்கும். காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறவர். இது எப்படித் தெரியும் என்றால், நடுவில் ஒரு போன் வந்தது. "ஐயா, மெஷின்ல கோளாறு இல்ல. நீங்க அதைக் காதுல மாட்டிக்கவே இல்ல" என்று சொல்லி வைத்தார்.

"உடம்பு ஒரு இடத்துலேருந்து வந்துச்சு," என்றார் தையல்காரர். "கழுத்து வேற இடம். கம்பி முறுக்கற ஆணி, சத்தம் பிடிக்கற பிக்கப்பு எல்லாம் வேற வேற. நாலு மாசம் ஆச்சு எல்லாம் வந்து சேர."

"முழுசா ஒண்ணு வாங்கியிருக்கலாமே."

"ரெடிமேடா? என் கடையில நின்னுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லாத."

3

இந்த இடத்தில் எனக்குத் தையல்காரர் மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரம் என்ற முறையில்தான். இவ்வளவு நல்ல மனிதர் கதைக்கு ஆகமாட்டார். மறைப்புக்குள் நின்றபடியே அவருக்கு ஒரு கெட்ட குணம் தேடிக்கொண்டிருந்தேன். தங்கை என் வேலையைச் சுலபமாக்கினார்.

"கருஞ்சிவப்பு," என்றார். "என்னோட பழைய கிட்டாரும் இதே கலரு."

கத்தரிக்கோல் ஒரு முறை திறந்து மூடும் சத்தம்.

"ஞாபகம் இருக்கா?"

"எது?"

"எதுவா? முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, நான் பரீட்சை எழுதிட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள தூக்கி உன் முதலாளிக்குக் குடுத்தியே, அது."

"படிப்பு கெட்டுடும்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ குடுத்திருப்பியா?"

"மாட்டேன். அதுக்குத்தானே கேக்கறது!"

நான் எழுதிய முதல் வரைவில் அண்ணன் இங்கே மன்னிப்புக் கேட்டார். அழகாக, இரண்டு வாக்கியங்களில். படித்துப் பார்த்தேன். குரல் என்னுடையது. நான் உண்மையில் கேட்டது இதுதான்:

"வேர்க்குதே. ஃபேனைப் போடவா?"

"வேணாம். காத்தடிச்சா ஈயம் பிடிக்காது."

தங்கை வேலையில் இறங்கினார். உருகும் ஈயத்தின் வாசனை திரைக்கு இந்தப் பக்கமும் வந்தது. என் கைகள் மரத்துப் போயின.

4

"முடிஞ்சுது. இப்ப சொல்லு, யாரு அந்தக் கஸ்டமர்?"

"தோள்ல மாட்டிப் பாரு. பட்டி நான் தைச்சது."

ஒரு கொக்கி மாட்டும் சத்தம். இன்னொரு கொக்கி.

"நீளம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"தோள்ல இறுக்குதா?"

"இல்ல." குரல் சற்றே மாறியது. "எனக்கே தைச்ச மாதிரி இருக்கு."

"உனக்குத்தான் தைச்சேன். உன் அளவு நோட்டுலயே இருக்குதே."

(இங்கே தங்கையின் முகத்தை வர்ணிக்க வேண்டும். நான் பார்த்ததோ பூப்போட்ட திரைத்துணி. வேண்டுமானால் அதை வர்ணிக்கிறேன்: மஞ்சள் பூ, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறை.)

தங்கை வாசித்தார். முதலில் எந்த இடத்திலும் அழுத்தாமல், ஆறு கம்பிகளையும் ஒரே தடவல். எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்தச் சின்னக் கடை முழுக்க யாரோ ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. பிறகு விரல் கழுத்தில் மேலே ஏறியது. ஏற ஏற ஏதோ சரியில்லை. பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்ட சட்டை மாதிரி.

நின்றது. மறுபடி அதே இடம். மறுபடி நின்றது.

"அண்ணா, பிரிட்ஜை எங்க வெச்ச?"

"எது?"

"இந்தக் கம்பியெல்லாம் வந்து முடியுதே, இந்த இரும்பு. இதுக்கு ஓட்டை போட்டது யாரு?"

"நான்தான். ஓட்டை போடாத உடம்பாக் கேட்டு வாங்கினேன். மேலேருந்து அளந்து, கோடு போட்டு, ஆறு ஓட்டை. நூல் பிசகல."

"எவ்வளவு அளந்த?"

"கழுத்தோட வந்த தாள்ல இருபத்தஞ்சரை அங்குலம்னு போட்டிருந்தான். நான் இருபத்தாறு வெச்சேன்."

"ஏன்?"

"என்ன ஏன்? தையலுக்கு அரை அங்குலம் விட வேணாமா?"

5

நான் சிரித்துவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டுவிடப் பார்த்தேன். ஒரு வரைவில் குண்டூசி குத்தி "ஆ" என்று கத்துகிறேன். இன்னொன்றில் தும்முகிறேன். இரண்டும் பொய். நாற்பது வருடமாகத் துணி வெட்டிய கை மரத்திலும் தையலுக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த அரை அங்குலம்தான் சுருதியைக் கெடுத்தது என்று இசை தெரியாத எனக்கே புரிந்தது. என்னால் முடியவில்லை. வாய்விட்டு, வெட்கமில்லாமல் சிரித்தேன்.

திரை விலகியது. கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு பெண், நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி நெற்றியில்.

"யாருண்ணா இது?"

"ஐயோ! கோட்டு!" என்றார் தையல்காரர். (வாடிக்கையாளர்களுக்கு அவரிடம் துணிப் பெயர்தான்.) "கோட்டம்மா, நீங்க இன்னுமா உள்ள நிக்கறீங்க?"

"நீங்கதானே அசையாதீங்கன்னு சொன்னீங்க," என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தார். "என்ன சிரிப்பு உங்களுக்கு?"

"மன்னிச்சுக்கோம்மா. அரை அங்குலம்னதும்..."

"நாப்பது வருஷமா எங்க அண்ணன் தைச்ச துணி எவனுக்காவது இறுக்குச்சுன்னு கேட்டிருக்கீங்களா? அந்த அரை அங்குலத்தாலதான். உங்க கோட்டை இன்னிக்குச் சின்னதாக்க வருது, நாளைக்குப் பெருசாக்கவும் வரும். அதுவும் அதாலதான். சிரிக்கறாங்களாம்!"

கவனித்தீர்களா? முப்பத்தோரு வருடக் கோபத்தோடு உட்கார்ந்திருந்த தங்கை, வெளியாள் ஒருத்தி சிரித்ததும் அண்ணன் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் சிரிப்பால் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது, கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

முடியவில்லை. தையல்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப அது தப்பா, பாப்பா?"

6

என்னிடம் மூன்று பதில்கள் இருக்கின்றன. மூன்றையும் தங்கையின் குரலில் சொல்லிப் பார்த்தேன்.

"தப்பெல்லாம் இல்லண்ணா. நல்லாத்தான் இருக்கு." கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோவார். அண்ணன் வருகிற அன்று மட்டும் எடுத்து, கழுத்தில் மேலே போகாமல், கீழேயே நாலு இடத்தில் வாசிப்பார். அன்பான முடிவு. ஆனால் நாலு மாதம் காத்துச் சேர்த்த ஒன்று அலமாரியில் கிடக்கும். போன கிட்டாராவது யார் கையிலோ பாடிக்கொண்டிருந்தது.

"தப்புதான். ஓட்டையை மரக்குச்சி வெச்சு அடைச்சுட்டு, அரை அங்குலம் முன்னாடி போட்டுக்கலாம்." நியாயமான முடிவு. அடைத்த தழும்பு ஆறும் கருஞ்சிவப்பில் வெளியே தெரியும். அது என்ன தழும்பு என்று யாராவது கேட்டால் தங்கை என்ன சொல்வார் என்பதுதான் எனக்குக் கவலை.

"தப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இது நடந்திருக்காது. அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல." உண்மையான முடிவு. இதை எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

நீங்கள் கேட்கலாம்: அங்கேயேதானே நின்றீர்கள், என்ன பதில் சொன்னார் என்று எழுதிவிட்டுப் போங்களேன்?

நிற்கவில்லை. முப்பத்தோரு வருடமாகத் தங்கையிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது அண்ணன் கேட்டுவிட்டார், வாயைத் திறந்து, ஒரு கேள்வி. ஏற்கெனவே ஒரு முறை சிரித்தவளுக்கு அதன் பதிலைக் கேட்கும் உரிமை இல்லை என்று தோன்றியது. குண்டூசிக் கோட்டோடு அப்படியே தெருவில் இறங்கிவிட்டேன். நடந்தபோது எல்லா ஊசியும் குத்தியது.

தெரு முனையில், பின்னாலிருந்து துளைக்கருவியின் சத்தம் கேட்டது என்று எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன். அந்தத் தெருவில் அலமாரி செய்கிற கடை ஒன்றும் இருக்கிறது.

என் கதையில் தையல்காரர் இன்னும் இஞ்சிடேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார். தங்கை கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து, மிச்சமிருந்த ஒலியை அடக்குகிறார். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு அண்ணனைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார்.

நான் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.