மூன்றாம் அட்டவணை

பலாங்கொடை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து இன்டர்நெட் கடையில் இராஜகுமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முந்தாநாள் அனுப்பிய கட்டுரையை ஒரு சர்வதேச ஆய்விதழ் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. மூன்றாம் அட்டவணை மிகச் சிறப்பு என்று தனியாகப் புகழ்ச்சி வேறு. அப்பாவிடம் சொல்ல எழுந்தவள் தொப்பென்று மறுபடி உட்கார்ந்தாள். கட்டுரையில் மூன்றாம் அட்டவணையே இல்லை. அவசரத்தில் அதைச் சேர்க்க மறந்திருந்தாள்.

கடிதத்தை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தாள். எவரும் படிக்கவே இல்லை! ஒரு கேள்வி இல்லை, ஒரு திருத்தம் இல்லை. பணம் கட்டும் வழி மட்டும் விலாவாரியாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் களைக்கொல்லி கலந்து கலந்து நகம் கழன்றுபோன பெண்களைப் பற்றிய கட்டுரை அது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கேட்டு எழுதியது. இந்தக் குப்பையில் வந்தால் எந்த டொக்டர் நம்புவார்? ஒருமுறை வெளிவந்துவிட்டால் நல்ல இதழ்கள் திரும்பியும் பார்க்காது.

கடையிலிருந்தே பல்கலைக்கழகத் துறைத்தலைவர் செல்வரத்தினத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"உதையெல்லாம் ஆர் வாசிக்கப் போகினம், பிள்ளை? இன்டர்வியூவுக்கு உமக்கு ஒரு பேப்பர் வேணும். காசைக் கட்டிப்போட்டுப் பேசாம இரும்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய தற்காலிக விரிவுரையாளர் வேலை நிரந்தரமாக வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மனம் மாறுவதற்குள், கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். புகழ ஓடிவந்த இதழ்க்காரர்கள் இதற்கு ஒரு மணி நேரமாகியும் பதில் போடவில்லை. இதற்குள் இணையத்தில் ஏற்றிவிட்டிருப்பார்களோ?

வெளியே வந்தவளைத் தோட்டத்து பஸ்ஸின் ஜன்னலிலிருந்து மருதாயி கூப்பிட்டாள். லயத்துப் பெண்களில் முதலில் துணிந்து பேசியவள் அவள்தான்.

"டீச்சரம்மா, நம்ம வெசயம் வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லக்கா. வேற நல்ல எடத்துக்கு அனுப்பணும்."

எடுப்பார்களா என்று அவளுக்கே தெரியாது.

"சுறுக்கா அனுப்புங்க. நாளையிலருந்து இவளையும் களை மருந்து கலக்கப் போட்டுட்டாங்க."

மருதாயியின் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். டவுனில் வாங்கிய சிவப்பு கியூடெக்ஸைப் பத்து நகத்திலும் பூசி, காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தாள்.