பென்சில் எழும்பவில்லை

எங்கள் குடும்பத்தில் யாரும் கடையில் நின்று துப்பாக்கி தேடியதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா பையில் வைத்திருந்தது ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என் மகள் லவோனாவின் கையை முறித்த அவள் கணவன் டுவேன் மூன்று வாரத்துக்கு முன் ஜாமீனில் வந்ததும், அதைத்தான் அவளிடம் கொடுத்தேன். எங்கள் கூம்ஸ் வீட்டுத் துப்பாக்கி ஒருநாளும் கைவிட்டதில்லை என்றேன்.

லவோனா உணவகத்தில் பரிமாறுகிறவள். இடுப்பில் கட்டும் ஏப்ரன் பையில் மாவு புகுந்துவிட்டது என்று இன்று காலை என்னிடம் தந்தாள். துடைத்து வாங்க, துப்பாக்கி பழுதுபார்க்கும் வெர்லினின் பட்டறைக்குப் போனேன்.

வெர்லின் தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்து, ரப்பர் முனை கீழே இருக்கும்படி ஒரு பென்சிலை உள்ளே போட்டான். விசையை இழுத்தான். பென்சில் அசையவில்லை. மறுபடி இழுத்தான். தேவாலயத்தில் நான் வகிக்கும் பொறுப்பைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவான்.

"டீக்கன், தோட்டாவத் தட்டுற ஊசி அடிச்சா பென்சில் துள்ளி வெளிய வரணும். இதுல ஊசி நுனியே ஒடிஞ்சு போச்சு. தோட்டா இல்லாம வெறுமனே விசைய இழுத்தா இப்படித்தான் ஒடியும், அந்தப் பழக்கம் உண்டா?"

மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று, அப்பாவின் தலைமாட்டில் நின்று எங்கள் வீட்டு ஆண்கள் ஏழு பேரும் அவருடைய இந்தத் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் ஆளுக்கு மூன்று முறை சொடுக்குவோம். மரியாதை. நாற்பத்தொரு வருடமாக. ஆரம்பித்துவைத்தவன் நான்.

"பையில அடங்கணும்னு எல்லாத்தயும் மெலிசா பண்ணிருக்கான். இது எத்தனை அடிதான் தாங்கும்? செஞ்ச கம்பெனியும் இப்ப இல்ல. புது ஊசி நானே ராவித் தரேன், பத்து நாளாகும்."

"நேத்து டுவேன் லவோனா வேலை பாக்குற கடை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான், வெர்லின். பையில கைய விட்டுக்கிட்டு அவனத் தாண்டிதான் நடந்து போயிருக்கா."

வெர்லின் பென்சிலை மேசையில் வைத்தான். உள்ளே போய் குட்டையான ரிவால்வர் ஒன்றை எடுத்து வந்தான்.

"கனமான எஃகு. பாக்க அசிங்கம்தான். ஆயிரக்கணக்குல சுட்டிருக்கு, ஒரு இடத்துல கூட ஆட்டமில்ல. ஆனா கைப்பிடியப் பாத்துட்டு என்னத் திட்டாதீங்க."

டாக்கெட் என்று கத்தியால் செதுக்கியிருந்தது. என் பெரியப்பாவைச் சுட்ட குடும்பம். அவர்கள் வீட்டுச் சவ ஊர்வலத்துக்குக்கூட நாங்கள் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவதில்லை.

"வேற இல்லையா?"

"இருக்கு. உங்க துப்பாக்கி மாதிரியே மெலிசா, பளபளன்னு."

"இந்த ரிவால்வர்ல பென்சிலப் போடு," என்றேன்.

உணவகத்துக்குள்ளே ஒரு மூலையில் லவோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப நேத்து என் கையில ஒண்ணுமே இல்லையாப்பா?"

"இல்லம்மா."

ரிவால்வரை வாங்கித் திருப்பினாள். எழுத்தின் மேல் விரல் நின்றது.

"இது டாக்கெட் வீட்டுது. நீ இதத் தொட்டியா?"

"பென்சில் கூரையில போய் இடிச்சுச்சு," என்றேன்.

அதை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். வாசலில் டுவேனின் வண்டி வந்து நின்றது. அவனைக் கடந்துதான் நான் வெளியே போக வேண்டும். நான் போகவில்லை; அவள் பக்கத்திலேயே நின்றேன்.