2010ஆம் ஆண்டுக்கான விளக்கம்

1

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரு படிவத்தில் நான் தவறாக எழுதிய ஒற்றை வரியிலிருந்து வந்தது. எழுதி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அந்தப் படிவம் இப்போது என் கையில் இல்லை. இருந்திருந்தால் அடித்துத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

என் பெயர் தனசேகரன். லிட்டில் இந்தியாவில் ரவூப் அண்ணனின் டிராவல்ஸ் கடையில் பின்பக்க மேசை என்னுடையது. முன்னால் டிக்கெட், பின்னால் கடிதம், மனு, படிவம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து சொல்வார்கள். நான் வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பேன். கதையையும் அந்தப் பழக்கத்திலேயே ஆரம்பித்தேன்:

பொருள்: செல்வி சந்திரமதியின் பள்ளிப் படிப்பில் 2010ஆம் ஆண்டு குறித்து.
பார்வை: தங்கள் பயிற்சி விண்ணப்பம், பக்கம் 2.

இப்படிக் கதை எழுதினால் பெறுநர் மட்டும்தான் படிப்பார் என்று பட்டது. அடுத்த முயற்சி:

ஜூரோங் தொழிற்சாலைகளின் கூரைகள்மீது காலை வெளிச்சம் மெல்ல

(இதையும் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் ஜூரோங்கில் யாரும் கூரையைப் பார்ப்பதில்லை. கம்பெனி பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறார்கள்.)

2

சந்திரமதி மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் ஊர்க்காரர். பூன் லேயில் மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிறார். அப்போது ஐந்து வருட அனுபவம். கம்பெனி தன் ஆட்களிலிருந்தே டெக்னீஷியன் பயிற்சிக்குச் சிலரைத் தேர்ந்தெடுக்கப்போவதாக அறிவித்தது. நாள் முழுக்க நின்று ஒரே பாகத்தைப் பொருத்துவதிலிருந்து, எந்திரங்களைச் சோதித்து, தாளில் குறித்துக் கையெழுத்திடும் வேலைக்கு நகரலாம். அவர் அந்த வேலைக்கு ஆசைப்பட்டார். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முதல் பிரதியில் அவருக்கு நோயாளித் தாய் ஒருவரைச் சேர்த்திருந்தேன், வாசகர்கள் இரங்குவதற்காக. அவருடைய அம்மா நன்றாக இருக்கிறார், வாரம் இரண்டு நாள் பூப்பந்து ஆடுகிறார். அடித்துவிட்டேன். நல்ல வேலைக்கு ஆசைப்படுவதற்கு வீட்டில் யாரும் சாகக் கிடக்க வேண்டியதில்லை.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். அதைத் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ படிக்கலாம். பிறகு இடைநிலைப் பள்ளி; அங்கே வகுப்புக்குப் படிவம் என்று பெயர், ஒன்றிலிருந்து ஐந்து வரை. அரசுப் பள்ளியென்றால் பாடங்கள் பெரும்பாலும் மலாயில். தமிழ்ப் பள்ளியிலிருந்தோ சீனப் பள்ளியிலிருந்தோ வரும் பிள்ளை ஆறாம் ஆண்டுத் தேர்வின் மலாய்த் தாளில் போதிய தரம் எடுக்காவிட்டால் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. நடுவில் ஒரு வருடம். அதற்குப் பெயர் பெரலிஹான். ரிமூவ் கிளாஸ் என்றும் சொல்வார்கள். அங்கே முக்கியமாக மலாய் படிக்க வேண்டும்.

அது உதவி என்பவர்கள் உண்டு. ஒரு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பவர்களும் உண்டு. எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: அந்த வருடம் படித்த வகுப்பையே மறுபடி படிப்பதில்லை. ஆறாம் ஆண்டு முடிந்துவிட்டது, படிவம் ஒன்று இன்னும் வரவில்லை, அவ்வளவே.

இந்தப் பத்தியை இரண்டு வருடத்துக்கு முன் எழுதத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

4

சந்திரமதி கொண்டுவந்த விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் படித்த பள்ளிகள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று கேட்டிருந்தார்கள். கீழே ஒரு கட்டம்: இடைவெளியோ மறுபடி படித்ததோ இருந்தால் காரணம் எழுதவும்.

"2009ல ஆறாவது முடிச்சிருக்க. 2011லதான் படிவம் ஒண்ணு. நடுவுல ஒரு வருஷம் இடிக்குதேம்மா. பெயிலா?"

"பெயில் இல்லண்ணே, பெரலிஹான். மலாய்க் கட்டுரையில டி எடுத்தேன். மத்ததெல்லாம் நல்ல மார்க்கு."

எனக்கு விளங்கவில்லை என்பதைவிட, விளங்கிவிட்டதாக நினைத்தேன் என்பதே சரி. நான் படித்தது பேராவூரணியில்.* மார்க் போதவில்லை, ஒரு வருடம் கூடுதல். பெயிலுக்கு இவர்கள் ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பாவம், சொல்லக் கூச்சப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

"வெக்கமில்லண்ணே," என்றார். "அப்படி நடக்கல. அதான்."

ஆபீஸ்காரர்கள் சுருக்கமாக இருந்தால்தான் படிப்பார்கள், விளக்கம் நீண்டால் சந்தேகம் வரும் என்று என் இருபது வருட அனுபவத்தை எடுத்துவைத்தேன். பிறகு அந்தக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: மதிப்பெண் குறைவால் ஒரு வருடம் மறுபடி படித்தவர்.

அவர் மெதுவாகப் படித்தார். அந்த வரியில் நின்றார்.

"நீங்க எழுதுறவங்க, உங்களுக்குத் தெரியும் லா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

* எங்கள் பள்ளியில் ஒரு வருடம் கூடினால் அதற்கு ஒரே காரணம்தான். கடைசி பெஞ்சில் உட்காரவைத்து 'பழைய ஆளு' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

5

நேர்காணலில் நடந்ததை அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். எந்த வகுப்பை மறுபடி படித்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். எதையும் இல்லை என்றிருக்கிறார் இவர். அதிகாரி படிவத்தைத் திருப்பி வைத்துக் காட்டியிருக்கிறார். எழுதியவர் தவறாக எழுதிவிட்டார் என்றதும் அடுத்த கேள்வி: அப்படியானால் படிக்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்?

"ஆமான்னுட்டேன்."

"நீ படிச்சியேம்மா."

"படிச்சேன்னு சொன்னா, பொய்னு தெரிஞ்சே போட்டேன்னு ஆயிரும்ல?"

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரிடம் எந்திரச் சோதனைத் தாளை எப்படி நம்பிக் கொடுப்பது என்று அந்த அதிகாரி கேட்டாராம். கோபமாகக்கூட இல்லையாம். நியாயமான கேள்வி என்று எனக்கே படுகிறது. இடம் வேறொருவருக்குப் போனது.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அதிகாரியே ஈப்போவில் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். "நானும் பெரலிஹான்தான்" என்று சிரித்துவிட்டு முத்திரை குத்துகிறார். மூன்று நாள் இந்த முடிவோடு சந்தோஷமாக இருந்தேன். நான்காம் நாள் படித்தபோது, என் தவறை இன்னொருவர் துடைப்பதற்காகவே அவரை ஈப்போவில் பிறக்கவைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இன்னொன்றில் நான் இரண்டு பக்க விளக்கக் கடிதம் எழுதுகிறேன், கம்பெனி மனம் மாறுகிறது. (கடிதத்தை நிஜமாகவே எழுதினேன். மூன்றாம் பகுதியில் நீங்கள் படித்தது அதன் சாரம்தான். நன்றி, தேர்வு முடிந்துவிட்டது என்று நான்கு வரியில் பதில் வந்தது.)

மூன்றாவதில் சந்திரமதி என்னைத் திட்டுகிறார். நான் அதிகம் விரும்பிய முடிவு அது. வசனமெல்லாம்கூட எழுதினேன், நன்றாக வந்திருந்தது. உண்மையில் அவர் இரண்டு கப் தே தாரிக் டீ வாங்கி வந்து ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே

(முடிக்கத் தெரியவில்லை.)

7

இந்த வருடம் பயிற்சிக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். போன ஞாயிறு அதே படிவத்தோடு வந்தார்.

பழையது கம்பெனிக் கோப்பில் இருக்கிறது. அதே பொய்யை எழுதினால் இரண்டும் பொருந்தும், ஆனால் அவர் வாயால் மறுத்ததும் அங்கே பதிவாகியிருக்கும். உண்மையை எழுதினால் பழைய கையெழுத்தோடு மோதும். நான் ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தேன். தவறு விண்ணப்பதாரருடையதன்று, அவர் மறுத்தும் நானே அப்படி எழுதினேன் என்று, என் பெயரோடும் கடை முகவரியோடும்.

ரவூப் அண்ணன் அதை முன்பே பார்த்துவிட்டார். "எழுது சேகரு, வேணாங்கல. கடை பேரு வரக் கூடாது. வந்துச்சுன்னா நாளைக்கு எவன் இங்க படிவம் எழுத வருவான்? மேசைய எடுத்துருவேன்." முகவரியில்லாத கடிதத்தை எந்த ஆபீஸும் மதிக்காது என்றேன். அவர் டிக்கெட் மேசைக்குத் திரும்பினார். நான் முகவரியை எடுக்கவில்லை.

சந்திரமதி கடிதத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முடித்ததும் மறுபடி மேலிருந்து படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதக் கொடுக்கிறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்."

நான் பேனாவைத் திறந்தேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேணாண்ணே. நானே எழுதுறேன்."

இருபது நிமிடம் ஆனது. இடக்கையால் மறைத்துக்கொண்டு, தேர்வு எழுதுகிற பிள்ளைபோல எழுதினார். ஒரு எழுத்துக்கூட்டலாவது என்னிடம் கேட்பார் என்று காத்திருந்தேன். தன் கைப்பேசியில் தேடிப் பார்த்துக்கொண்டார். ஒருமுறை மட்டும் தலை நிமிராமல், கட்டம் சின்னதாக இருக்கிறது என்றார். பின்பக்கத்தில் தொடரலாம் என்றேன்.

"வேணாம், அடங்கிருச்சு," என்று மூடி வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை. என் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. மேசை இன்றுவரை இருக்கிறது.

கதைக்கு முடிவு வேண்டுமென்றால் அது அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. என்ன எழுதியிருப்பார் என்று நீங்கள் இதற்குள் ஒரு வாக்கியம் யோசித்திருப்பீர்கள். என்னிடமும் மூன்று இருக்கின்றன, மூன்றும் நல்ல ஆங்கிலத்தில். உங்களுடையது என்னுடையவற்றைவிடச் சரியாகவே இருக்கலாம்.

ஆனாலும் அதை அவருக்காக எழுதிவிடாதீர்கள்.