இஞ்சின் இல்லாத இஞ்சினீர்

அருள்பிரகாசம் கிண்டி காலேஜில் சிவில் படித்துத் தேறியதில் ராயபுரத்தில் யாருக்கும் வருத்தமில்லை. அது என்ன படிப்பு என்று புரிந்தவர்களும் இல்லை. இஞ்சினீர் என்றால் எங்காவது ஒரு இஞ்சின் இருக்க வேண்டும். கப்பலில் இருக்கலாம், ரயிலில் இருக்கலாம், அச்சாபீசில்கூட இருக்கலாம். பையனைப் பெற்ற இருதயம்மாளும் இந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. பெண் கேட்கப் போன இடத்தில், "என் மவன் இஞ்சினீரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டு அடக்கிக்கொண்டாள்.

பெண்ணின் தகப்பனார் ஜேக்கப், இருபது வருஷமாக அரக்கோணத்துக்குக் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர். இஞ்சின் என்ற சொல்லைக் கேட்டாலே மனுஷருக்கு மார்பு ஓர் அங்குலம் விரியும். அந்த நிமிஷமே "மாப்ளே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையை எழுதும்போதுதான் ஒரு சின்னத் தகராறு. பையன் தன் பெயருக்கு முன்னால் 'சிவில் இஞ்சினீர்' என்று எழுதியிருந்தான். ஜேக்கப் பென்சிலை எடுத்து முதல் சொல்லை அடித்தார்.

"இன்னா மாப்ளே, சிவிலெல்லாம் கோர்ட்டு சமாச்சாரம். வூடு ஏலத்துக்கு வந்துகினு கீதுன்னு ஜனங்க நெனைச்சுக்கும்."

அப்போதே அருள்பிரகாசம் வாயைத் திறந்து விளக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கதவிடுக்கில் ஜேக்கபின் மகள் ஃப்ளோரா நின்றுகொண்டிருந்தாள். நான்கு வருஷம் கிண்டியில் கணக்குப் போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். மேட்டூரில் அணை கட்டுகிற இடத்தில் ஓவர்சியர் வேலைக்கு உத்தரவு வந்து சட்டைப்பையில் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஓலையும் சுகமாக முடிந்தால் ஃப்ளோராவோடு மேட்டூர். முடியாவிட்டால் தனியாக மேட்டூர். எனவே வாயை மூடிக்கொண்டான்.

முதல் ஓலை வாசித்த மறுநாள் ஜேக்கப் அவனை இஞ்சின் ஷெட்டுக்கு இழுத்துப் போனார். தம் இஞ்சினை எல்லாருக்கும் முன்னால் தட்டிக் காட்டி, "பாயிலர் பக்கம் ஒரு மாதிரி சத்தம் வருது. இன்னான்னு பாருங்க மாப்ளே" என்றார். அருள்பிரகாசம் இஞ்சினைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். வேர்த்தது. கடைசியில் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான்.

"தண்டவாளம் இந்தப் பக்கம் கால் அங்குலம் எறங்கியிருக்கு மாமா."

ஃபயர்மேன் அப்துல் வஹாப் கரி வாரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னா நைனா, உன் மாப்ள இஞ்சினை வுட்டுட்டுத் தரையைப் பாக்கிறாரு!"

ஷெட்டே சிரித்தது. ஜேக்கபின் முகம் கரியைவிடக் கறுத்தது.

"அப்போ நீ இன்னாதான் தம்பி படிச்சே?"

மாப்ளே போய்த் தம்பி வந்துவிட்டதை அருள்பிரகாசம் கவனிக்காமல் இல்லை. "ரோடு போடுறது, பாலம் கட்டுறது, அணை, ஹார்பர் சுவரு, சாக்கடை..." என்று அடுக்கினான். இன்னும் சொல்லியிருப்பான். ஜேக்கபின் காதில் சாக்கடைக்கு மேல் எதுவும் நுழையவில்லை.

"சாக்கடைக்காரனுக்கா பொண்ணு குடுத்தேன்? மூணாம் ஓலையில சாமியாரு கேப்பாரு இல்ல, தடை கீதான்னு? எழுந்து சொல்றேன் பாரு."

மனுஷர் சொன்னால் செய்கிற ரகம். இரண்டாம் ஓலை அன்று அவரைக் கோயிலிலேயே காணோம். அந்த வாரமே மழையும் பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர், ஜேக்கபின் வீட்டுக்குள் முழங்கால் வரை. தெருக்காரர்கள் சேர்ந்து கடற்கரைப் பக்கம் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் கடலுக்குத்தானே போக வேண்டும்? அது ஜேக்கபின் வீட்டுக்குத்தான் வந்தது.

மழை விட்ட வெள்ளிக்கிழமை காலையில் அருள்பிரகாசம் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தான். கார்ப்பரேஷனில் ரோடு அளக்கும் தோஸ்து சுப்பராயனிடம் கெஞ்சி வாங்கிய மட்டம் பார்க்கும் கருவி, மூன்று கால் ஸ்டாண்டு, எண் போட்ட நீளக் கட்டை எல்லாம் தோளில். கட்டையைப் பிடிக்க ஆள் வேண்டுமே? தெருவே வேடிக்கை பார்த்ததே தவிர ஒருவரும் இறங்கவில்லை. ஃப்ளோரா வாசலிலிருந்து தண்ணீரில் இறங்கிவந்து கட்டையை வாங்கி நிமிர்த்திப் பிடித்தாள். அவன் கருவிக்குள் பார்த்துப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டான்.

அவன் அசந்த நேரம் பார்த்து, ஜேக்கபின் அக்கா வியாகுலம்மாள் கருவிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

"அடப்பாவி! இந்தத் தூர்பீன்ல பொம்பளைங்க தலைகீழாத் தெரியறாங்க! கட்டின பொடவை இன்னா ஆவும்?"

பெண்கள் எல்லாரும் புடவையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். ஜேக்கப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அருள்பிரகாசம் பயந்துபோய், "அதுல எல்லாமே அப்படித்தான் மாமா தெரியும். நீங்களே பாருங்க" என்று விலகி நின்றான்.

ஜேக்கப் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி மேல கீது. எம் பொண்ணு தலைகீழா நிக்குது. பொடவை அதும்பாட்டுக்கு எடத்துல கீது. போக்கா, வேலையைப் பாரு" என்றவர் அவன் பக்கம் திரும்பினார். "இத்த வெச்சு இன்னா தெரிஞ்சுது?"

"கடல் பக்கம் மேடு மாமா. தண்ணி ஏறாது. ஒன் இன் ஃபோர் ஹண்ட்ரட் ஏத்தம், நானூறு அடிக்கு ஒரு அடி. மேற்கால வெட்டினா கார்ப்பரேஷன் வாய்க்கால்ல வுழும்."

ஜேக்கப் அப்படியே நின்றுவிட்டார். "ஒன் இன் ஃபோர் ஹண்ட்ரடா? அத்த ரயில் லைன் ஓரம் கட்டையில எழுதி நட்டு வெச்சு கீறானே? அத்தப் பாத்துதானே நான் இருவது வருசமா ஏத்தத்துக்குத் தக்கபடி ஸ்டீம் வுடறேன்?"

"ஆமா மாமா."

"அத்த யாரு அளந்து எழுதுறது?"

"நாங்கதான். சிவில்."

ஜேக்கப் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். மேற்கே வெட்டினார்கள், சாயங்காலத்துக்குள் வீட்டில் தரை தெரிந்தது. அதைக்கூடப் பார்க்காமல் மனுஷர் டியூட்டிக்குப் போய்விட்டார். மாப்ளே என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளும் அருள்பிரகாசத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு, கல்யாணத்துக்கு விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிமிர்ந்தார். ஆண்கள் பக்கம் ஜேக்கப் எழுந்தார். அருள்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டான். போயிற்று, மேட்டூருக்கு ஒரு டிக்கெட்தான்.

"விக்கினம் ஒண்ணும் இல்ல சாமி. ஓலையில ஒரு வார்த்தை கொறையுது. நான்தான் அடிச்சேன், புத்தி கெட்டுப் போயி. என் மாப்ள சிவில் இஞ்சினீரு. அத்தச் சேத்து இன்னொருக்கா படிங்க."

சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வாசித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து வியாகுலம்மாளின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"சிவிலா? யாரு மேல கேஸு?"

"உன் மேலதான் அத்தே, தூர்பீன்ல எட்டிப் பாத்ததுக்கு" என்றாள் ஃப்ளோரா.