அண்ணன் செய்த பம்ப்

ஒரு குறையும் என் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டாலும் அது சின்னதாக, ஸ்பேனரை ஒரு திருப்புத் திருப்பினால் சரியாகிவிடுகிற மாதிரி இருக்க வேண்டும். சோதிக்க வருகிறவள் நினைக்கக் கூடாத நினைப்பு இது. ஆனால் அந்த அறைக்கென்று வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும்போது எனக்குள் இது ஒன்றுதான் இருந்தது.

"வா பூட்டு," என்றான் அண்ணன். "உன் செருப்பை வெளியில விட்டியா? போனை விட்டியா? அப்படியே பயத்தையும் அங்கேயே விட்டுட்டு வந்திருக்கலாம்."

பூட்டு என்பது நான்தான். ஒன்பது வயதில், வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். அவன் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. பிறகு இழுத்துப் பார்ப்பதே எனக்கு உத்தியோகமாகவும் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும் வாயுக்களைக் கையாளும் இடங்களுக்குப் போய்ப் பார்த்து, இங்கே வேலை தொடங்கலாம் என்று படிவத்தில் கையெழுத்துப் போடும் உரிமம் என்னிடம் இருக்கிறது. சொந்த அண்ணனின் இடத்துக்குப் போடக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. தேடிப் பார்த்தேன், இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று.

ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கூடம் அது. சுவரின் அடிப்பாகத்தில் மைக்கறை இன்னும் போகவில்லை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுக் குழாய் நின்றது. அதற்குள் ரோஜா இதழ்களை நிரப்புவார்கள். மேலிருந்து குளிர்ந்த பியூட்டேன் இதழ்களின் ஊடே இறங்கி, வாசனையைக் கரைத்து எடுத்துக்கொண்டு அடிப்பாத்திரத்தில் சேரும். அங்கே வெந்நீரின் சூட்டில் பியூட்டேன் ஆவியாகிப் பிரிந்துவிட, வாசனை மட்டும் மெழுகுபோலத் தங்கும். அந்த ஆவியை ஒரு பம்ப் உறிஞ்சி, அழுத்தி, குளிரவைத்து, புறப்பட்ட தொட்டிக்கே திருப்பி அனுப்பும். வெளியே ஒரு துளி போகக் கூடாது, உள்ளே ஒரு துளி காற்று வரக் கூடாது. பியூட்டேன் என்பது சமையல் கேஸின் கூடப்பிறந்தது. கசிந்தால் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். யாராவது ஒரு பொறியைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அப்படிப்பட்டதை நாள் முழுக்க இழுத்துத் தள்ளிக்கொண்டிருப்பது பம்ப் என்பதால், அந்த அறையின் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் பம்பின் பாதுகாப்புதான்.

முதலில் குழாய்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் என்பது சரி. எத்தனையோ பெரிய ஆலைகளில் குழாய் வேலையைச் சோதித்திருக்கிறேன். எங்காவது ஒரு வளைவில் அவசரம் தெரியும், சாயங்காலம் ஆகிவிட்டது தெரியும். இங்கே எந்த வளைவிலும் அது இல்லை. ஐந்து குழாய்கள் சுவரோரமாக இறங்கி, ஒரே இடத்தில், ஒரே அளவில் திரும்பின. ஒரு இணைப்பைக்கூட எட்டிப் பிடிக்கவோ குனிந்து தேடவோ வேண்டியதில்லை. இதையெல்லாம் அவன் யாரிடமும் கற்கவில்லை. பள்ளியில் பத்தாவதோடு சரி.

"என்ன, பேச்சையே காணோம்?"

"அழகா இருக்குண்ணா."

"படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?"

பக்கத்தில் நின்ற அண்ணி சிரித்தாள். அந்த அறையில் தினமும் நிற்கப்போகிறவள் அவள்தான். இதழ் நிரப்புவது, சூடு பார்ப்பது, எழுதி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அண்ணன் பாதி நாள் உதிரிப் பாகம் வாங்கவும் பூ வாங்கவும் வெளியே அலைவான். "எங்க கல்யாண போட்டோவை எடுத்துப் பாரு," என்றாள். "ஒண்ணுலகூட இவர் என்னைப் பார்க்கலை. போட்டோக்காரர் கொண்டுவந்த விளக்கை எப்படி மாட்டியிருக்காங்கன்னு பார்த்துட்டு நிக்கிறார்."

பம்ப் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. சோதனைக்காக எரியாத நைட்ரஜனை மட்டும் சுற்றவிட்டிருந்தான். ஆறு மாதத்துக்கு முன்பே நான் அவனிடம் சொன்னதுண்டு. காற்றழுத்தத்தால் ஓடுகிற பம்பை வாங்கு, கம்ப்ரஸர் பக்கத்து அறையில் இருக்கட்டும், இந்த அறைக்குள் குழாயில் வெறும் காற்றுதான் வரும், பம்பில் மின்சாரமே இல்லையென்றால் மோட்டார் பொறி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று. "வாங்குறதா?" என்றான் அப்போது. "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

ஏசி மெக்கானிக்குகள் பழைய வாயுவை இழுத்துப் பிடிக்கக் கொண்டுவருவார்களே, கைப்பிடி வைத்த பெட்டி, அதுபோல ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறான். உள்ளே இருந்த மோட்டார் சாதாரண மோட்டார். பொறி விடும். அதை ஓர் எஃகுப் பெட்டிக்குள் வைத்து மூடி, வெளியிலிருந்து சுத்தமான காற்றை இடைவிடாமல் பெட்டிக்குள் ஊதவிட்டிருந்தான். பெட்டிக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும்வரை அறையின் வாயு உள்ளே நுழையாது. பெரிய ஆலைகளில் பல பேர் உட்கார்ந்து வரைந்து செய்கிற ஏற்பாடு. இவன் தனியாக யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறான். அப்படி ஒரு முறை உலகத்தில் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. நான் சொன்னபோது, "ஓ, அவங்களும் இப்படித்தான் செய்றாங்களா?" என்று கேட்டான், ஏதோ அவர்கள் சரியாகச் செய்துவிட்டதைப் பாராட்டுகிற மாதிரி.

காற்றை எங்கிருந்து எடுக்கிறாய் என்று கேட்டேன். வெளிச்சுவரைக் காட்டினான். முழங்கால் உயரத்தில் ஒரு துவாரம். அதிலிருந்து நாலடி தள்ளி பியூட்டேன் உருளைகளின் கொட்டகை.

துவாரத்தையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவன் என் பார்வையைப் பின்தொடர்ந்தான். தலையில் ஒரு அடி போட்டுக்கொண்டு ஏணியைத் தூக்கினான். முக்கால் மணி நேரத்தில் காற்றெடுக்கும் குழாய் கூரைக்கு மேல் ஏறி, மழை புகாதபடி தலை கவிழ்ந்து நின்றது. அவசரமாகச் செய்த அந்த வளைவும் மற்ற ஐந்தைப் போலவே இருந்தது.

"ஊதுற காத்து நின்னுட்டா?"

"நிறுத்திப் பாரேன்."

குழாயைக் கழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் அடைத்தேன். நான் மூச்சை இழுப்பதற்குள் மோட்டார் நின்றது. கையை எடுத்துக் குழாயைப் பொருத்தியும் அது உடனே கிளம்பவில்லை. பெட்டிக்குள் இருக்கும் பழைய காற்று முழுவதும் வெளியேறிய பிறகே கிளம்பியது. இதையும் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாவதாக, அழுத்தம் பிடிக்கும் ரப்பர் வளையங்களைக் கேட்டேன். பியூட்டேனில் சில ரப்பர் ஊறி உப்பிவிடும், பிறகு கசியும். அவன் ஒரு இழுப்பறையைத் திறந்தான். வரிசையாகக் குட்டிப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வளையம். நாலு மாதம் பியூட்டேனில் ஊறவைத்து, வாரா வாரம் தடிமனை அளந்து, அண்ணியின் குண்டு எழுத்தில் தேதி போட்டு ஒட்டியிருந்தது. ஐந்து வகை தோற்று ஒன்று நின்றிருந்தது. பம்பில் இருந்தது அந்த ஒன்று.

இழுப்பறையை மூட எனக்கு மனம் வரவில்லை. பொறாமையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் செய்கிறவன் அவன், இழுத்துப் பார்க்கிறவள் நான். ஒன்றுமில்லாத இடத்தில் அவன் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பான், நான் அதன் மேல் விரலை வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பேன். என் கையெழுத்து உள்ள நூற்றுக்கணக்கான தாள்களில் எதுவும் நான் செய்ததல்ல. இந்த ஒரு தாளில் மட்டும் அவன் வேலைக்குக் கீழே என் பெயர் இருந்தால், நானும் ஏதோ ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு ஆசைப்பட்டேன். அவன் கேட்பதற்கு முன்பே, அவனைவிட அதிகமாக.

நாளை மறுநாள், அந்த மெழுகை வாங்கப்போகிற வாசனைக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். படிவம் கையெழுத்தாகி இருந்தால்தான் அறைக்குள் கால் வைப்பார்கள். ரோஜா இன்னும் நான்கு வாரம்தான் கிடைக்கும். இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த வருடம்தான்.

சாப்பிட வீட்டுக்குள் போனோம். நடுவில் ஒரு முற்றம், இரண்டு சாத்திய கதவுகள். பம்பின் சத்தம் எங்கோ ஒரு வண்டு போலக் கேட்டது, கேட்காமலும் இருந்தது. அண்ணன் பெட்டிக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை நடுவில் விட்டான். தட்டைத் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடினான்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"ஒண்ணும் ஆகலை. நீ சாப்பிடு. அவர்கிட்ட அது பேசும்."

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். உள்ளே ஒரு வால்வுத் தகட்டின் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்ததாம். சத்தத்தில் லேசாக ஒரு கரகரப்பு ஏறியதாம். விட்டிருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் தகடு உடைந்து, சூடேறி, வளையத்தைத் தின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, மஞ்சள் பெயிண்ட்தான் நல்லது என்று விட்ட இடத்தில் தொடர்ந்தான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கதவுக்கு அப்பால் அரைச் சுற்றுத் திருகு! என் வேலையில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காதை நான் கண்டதில்லை. சந்தோஷத்தில்தான் அண்ணியிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கேட்டுதா?"

"எனக்கா? எனக்குக் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரே கிர்ர்ருதான்."

"அப்ப இவன் வெளியில போற நாள்ல?"

"போன்ல கேப்பார். சோதனை ஓட்டத்துலயே ரெண்டு தடவை அப்படி ஆச்சு. போனை அறைக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு நீதானே சொல்லியிருக்கே, அதனால கதவை அகலமாத் திறந்து வெச்சுக்கிட்டு வாசப்படியில நின்னு கையை நீட்டிப் பிடிப்பேன். எங்கேயோ பஸ்ஸுல உக்காந்துட்டே, இடது பக்கம் ரெண்டாவது வால்வுன்னு சொன்னார். போய்ப் பார்த்தா அதேதான்!"

அவள் முகம் முழுக்கப் பெருமை. அண்ணன் கூச்சத்தோடு தட்டைப் பார்த்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போதுதான் அவள் சொன்னது கண்முன் வந்தது. அறையில் பியூட்டேன் ஓடும் நாளில், வாசற்படியில், கையில் போனோடு அண்ணி.

காலையிலிருந்து நான் அந்த பம்பை வியந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தது தப்பு. நான் வியந்ததெல்லாம் அவனை. திருகு தளர்ந்தபோது எந்த முள்ளும் அசையவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை. அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பது அவன் காது. காது இருக்கும் நாளில் அது ஓடலாம். பஸ்ஸில் இருக்கும் நாளில், காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில்?

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் மேஜையைத் துடைத்துவிட்டு, படிவத்தை எடுத்து விரித்தான். பேனாவைக்கூட மூடி கழற்றி வைத்தான்.

"மூணு கேட்டே. மூணும் சரியா?"

"சரிண்ணா."

"நாலாவது ஏதாவது இருக்கா? சொல்லு, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

"அது நீ முடிக்கிற மாதிரி இல்லை. திருகு தளர்ந்தது உனக்குத் தெரிஞ்சுது. பக்கத்துலயே நின்னிருந்தாலும் அண்ணிக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதான் நான் இருக்கேனே."

"நீ இருக்கே. படிவத்துல பம்பைத்தானே கேக்கறாங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அண்ணி என்னையும் அவனையும் பார்த்துவிட்டு, அடுக்கிய தட்டுகளை மறுபடியும் அடுக்கினாள்.

"காத்துல ஓடுற பம்புக்கு இன்னைக்கே சொல்லி வைக்கலாம்," என்றேன். "அதுக்கு உன் காது வேண்டாம். இதே குழாய், இதே வளையம், எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதை மட்டும் மாத்துவோம்."

"வர்றதுக்கு ஆறு வாரம் ஆகும். பூ நாலு வாரம்."

"தெரியும்ண்ணா."

"பூட்டு." அவன் குரல் இறங்கியது. கெஞ்சி அவனுக்குப் பழக்கமில்லை, அதனால் அது அதட்டல் போல வந்தது. "வேற யாரோ வந்து பார்த்து வேண்டாம்னா சரின்னு விட்டிருப்பேன். ஒரு வருஷம் ராவும் பகலும் இதுல கிடந்திருக்கேன். நீ இன்னைக்குப் பார்த்த மாதிரி இதை யாரும் பார்த்ததில்லை. உனக்குத் தெரியும் இது எப்படிப்பட்ட வேலைன்னு."

"தெரியும். இவ்வளவு நல்ல வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

"அப்புறம் என்ன? அண்ணனுக்காக ஒரே ஒரு கையெழுத்து."

அவன் விரல் கட்டத்தின் மேல் இருந்தது. நகக்கண்ணில் கிரீஸ். அவன் வேலைக்குக் கீழே என் பெயருக்காக இருந்த வெற்றிடம், நான் ஆசைப்பட்ட அதே அளவில், அதே இடத்தில்.

பேனாவுக்கு மூடியைப் போட்டேன். தாளை மெதுவாக அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இல்லண்ணா," என்றேன். "போட மாட்டேன்."