கப்பலில் இறங்கிய டெம்பெஸ்ட்

“அண்ணாச்சி, பெட்டிக்குள்ள என்ன, கோழிக்குஞ்சா?” என்று நடத்துநர் கேட்டார்.

“ஏரோப்ளேன்” என்றார் யதிராஜன்.

“அப்பம் ஏன் பஸ்ஸுல வாரீய? அதுலயே பறந்து போயிருக்கலாம்லா!”

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் அப்பேருந்தின் முன்பாதி முழுவதும் சிரித்தது. யதிராஜன் சிரிக்கவில்லை. மடியிலிருந்த அட்டைப்பெட்டியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். உள்ளே இருந்தது உண்மையிலேயே ஒரு விமானந்தான். மரத்தால் இழைத்த மாதிரி. இறக்கைகளை விரித்தால் ஒரு முழத்திற்கும் மேல் நீளும். மடக்கிவிட்டால் மடிக்குள் அடங்கிவிடும். அவ்வாறு மடங்க வேண்டும் என்பதற்காகவே அவர் இரண்டு ஆண்டுகள் பாடுபட்டிருந்தார்.

அதன் பெயர் டெம்பெஸ்ட். இரண்டாம் உலகப்போரில் தரையிலிருந்து பறந்த ஆங்கிலேயப் போர்விமானம். பின்னர் சில காலம் நம் விமானப்படையிலும் இருந்தது. அதன் வழியில் பிறந்த வேறொரு விமானம் பிற்காலத்தில் கப்பலேறியது. டெம்பெஸ்ட் ஏறவில்லை. தம்பிக்குக் கிடைத்த கடல் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்பதே யதிராஜனின் கற்பனை.

பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலின் சிறிய தளத்தில் இடத்தை அடைக்காதிருக்க, பழைய மூக்குக்கண்ணாடிகளின் கீல்களைக் கொண்டு இறக்கைகளை மடங்கச் செய்தார். தளத்தில் மோதி இறங்கும் அதிர்ச்சியைத் தாங்க, பேனா ஸ்பிரிங்குகளைக் கால்களில் பொருத்தினார். தளத்தின் குறுக்கே கட்டிய வடத்தைப் பற்றி நிற்பதற்காக, தறிக்கம்பியை வளைத்து வாலடியில் கொக்கி வைத்தார். வால் சுக்கானுக்குப் பேண்டேஜ் துணியைக் கஞ்சியில் தோய்த்து ஒட்டினார். வண்ணத்தை மட்டும் அவர் தாமாகத் தேர்ந்ததில்லை. டப்பாவைத் திறந்ததும் மனைவி வஞ்சுளவல்லியைக் கூப்பிடுவார். அவர் “ஆமா, பச்சைதான்” என்ற பிறகே தூரிகை நனையும்.

அன்று காலை புறப்படும்போது வஞ்சுளவல்லி வாசலில் நின்று கேட்டார்: “இம்புட்டும் செஞ்சு கொண்டுபோறீய. அவிய இது ஆகாதுன்னு சொல்லிட்டா?”

“பரண்ல போட்டுருவேன். பொறவு இந்தப் பேச்சே கிடையாது.”

அவிய என்று வஞ்சுளவல்லி குறித்தது சேக் முகைதீனை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் யதிராஜனுடன் ஒரே பெஞ்சில் படித்தவர். நூலகத்துப் புத்தகமொன்றில் டெம்பெஸ்டின் படத்தை இருவரும் சேர்ந்தே கண்டனர். அதைக் கப்பலுக்குக் கொண்டுபோவது எப்படி என்று இயற்பியல் நோட்டின் பின்பக்கங்களில் மாறி மாறி வரைந்தனர். எல்லாம் நன்றாகவே போயிற்று. அதை நிறுத்துவது எப்படி என்ற இடத்தில்தான் வந்தது வினை.

யதிராஜன் பிள்ளைப்பருவம் முதல் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரைப் பார்த்தவர். அவ்வளவு பெரிய தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டை என்பதை அறிந்தவர். ஆகவே விமானத்தின் இருபுறமும் முட்டுக்கட்டைகளுடன் ஓடும் ஆறு ஆட்களை அவர் வரைந்தார். முகைதீன் அந்நோட்டை வகுப்பு முழுவதும் காட்டினார்.

“ஏலே, கப்பல் என்ன தேரடி வீதியா?”

அன்று முதல் பள்ளியை விடும் வரை யதிராஜனுக்கு முட்டுக்கட்டை என்பதே பெயராயிற்று.

பின்பு கடற்படைத் தேர்வுக்கு இருவரும் மதுரைக்குப் போனார்கள். மருத்துவர் வண்ணப்புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, அதில் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொன்னார். யதிராஜனுக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. பச்சையும் சிவப்பும் தமக்கு ஒன்றே என்பதை அவர் அறிந்தது அந்த அறையில்தான். முகைதீன் விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போனார். யதிராஜன் தறிக்குப் போனார்.

விடுப்பில் வரும் முகைதீனிடம் அவர் மழையைப் பற்றிக் கேட்பார். மீன் குழம்பைப் பற்றிக் கேட்பார். கப்பல் தளத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகளில் ஒரு சொல் கேட்டதில்லை. முகைதீனும் சொன்னதில்லை. கடற்படைக்குப் பின் கொச்சியில் வேலை பார்த்து, இப்போதுதான் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

“வாங்கண்ணே” என்று கதவைத் திறந்தார் முகைதீனின் மனைவி மாஜிதா. தேநீரும் ஒரு தட்டுப் பேரீச்சம்பழமும் வந்தன. பழங்களைத் தின்று கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் வைத்த முகைதீன், பெட்டியைக் கண்டார்.

“என்னலே இது?”

யதிராஜன் விமானத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முகைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இறக்கையை விரித்தார், மடக்கினார். முதுகில் விரலை வைத்து அழுத்தினார். கால்கள் தாழ்ந்து எழுந்தன. யதிராஜனுக்கு மதுரை மருத்துவரின் அறைக்குள் மறுபடியும் நிற்பதுபோல் இருந்தது.

“கொக்கி வாலுக்கு வந்துட்டு. முட்டுக்கட்டை ஆளுகளைக் காணோம்?”

“அதை விடுலே. இது கப்பல்ல இறங்குமா?”

“இறங்கும்” என்றார் முகைதீன். யதிராஜன் மூச்சு விடுவதற்குள், “ஆனா நிக்காது” என்றார்.

“ஏன்?”

முகைதீன் மேசையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினார். விமானம் உருண்டது. யதிராஜன் பாய்ந்து விளிம்பில் பிடித்துக்கொண்டார்.

“இதான் கடலு. வானத்துல இருக்கப்போறது செத்த நேரம். மத்த நேரம் பூரா தளத்துலதான் கிடக்கணும். தளம் ஆடும்லா? கயிறு போட்டுக் கட்ட வளையம் எங்க?”

யதிராஜன் விமானத்தைத் திருப்பிப் பார்த்தார். வளையம் இல்லை. பறப்பதை நினைத்தார், இறங்குவதை நினைத்தார், மடங்குவதை நினைத்தார். நின்றுகொண்டிருப்பதை அவர் நினைக்கவேயில்லை. அவர் ஊரில் நிறுத்திய தேர் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். தரையே நகரும் என்பது தரையில் வாழ்ந்தவனுக்கு எப்படித் தோன்றும்?

அவர் இறக்கைகளை மடக்கினார். பெட்டியை அருகில் இழுத்தார்.

“எங்கலே போற? உக்காரு” என்றார் முகைதீன். பின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் கப்பல்ல என்ன வேலை பாத்தேன்னு நீ ஒருநாளும் கேக்கலயே.”

“கேக்க மனசு வரல.”

“நல்லவேளைன்னு இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருக்கணும்.” அவர் விமானத்தின் சக்கரத்தைத் தொட்டார். “முட்டுக்கட்டை போட்டேன்லே.”

“என்னது?”

“நெசமாத்தான். பிளேன் வந்து நிக்கும். அதை நடத்திக் கொண்டாற மஞ்சச் சட்டைக்காரன் கையக் காட்டுவான். நானும் இன்னொருத்தனும் கட்டையத் தூக்கிக்கிட்டு, குனிஞ்சு ஓடி, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் போடணும். பொறவுதான் கயிறு. மொதநாள் போட்டுட்டு நிமிந்தேன், உன் படம் ஞாவகம் வந்துட்டு. சிரிச்சேன். பொறவு சிரிப்பு வரல. கிளாஸ் பூரா காட்டுனவன் நான்லா.”

உள்ளிருந்து மாஜிதா எட்டிப் பார்த்தார். “எங்க வாப்பாகிட்ட இஞ்சின் பாக்கேன்னுல்லா சொல்லிப் பொண்ணு கேட்டிய!”

“நாலஞ்சு வருசம் கழிச்சு அதையும் பாத்தேன், நீ சும்மா இரு” என்றார் முகைதீன்.

யதிராஜன் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: “அப்பம் நான் வரைஞ்சது சரியா?”

“ஓடுறதை நிறுத்த வடந்தான். அதுல நீ தோத்த. நின்னதை நிக்க வைக்க நீ வரைஞ்ச ஆளுதான். ஆறு பேரு கூட்டம், ரெண்டு போதும்.”

யதிராஜனின் சட்டைப்பையில் தறிக்கம்பி எப்போதும் ஒரு துண்டு இருக்கும். அதை வெளியே எடுத்தார். வளையம் எந்தெந்த இடத்தில் வரவேண்டும் என்று முகைதீன் இறக்கையின் அடியில் விரல் வைத்துக் காட்டினார். யதிராஜன் குறடின்றிப் பல்லால் கடித்து வளைப்பதைக் கண்டு மாஜிதா, “அண்ணே, இருக்கிற பல்லும் போயிரும்” என்று பாக்குவெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வளையங்களை ஒட்டிய பசை காயும் வரை பொறுக்க முகைதீனால் முடியவில்லை. தட்டிலிருந்த பேரீச்சங்கொட்டைகளைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்தார். விமானத்தை மேசைமேல் நிறுத்தினார். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மனிதர் முதுகை வளைத்து, கைகளைத் தாழ்த்தி, இரண்டு சக்கரங்களுக்கும் முன்னொன்றும் பின்னொன்றுமாக நொடியில் கொட்டைகளைச் செருகிவிட்டு விலகினார். அந்த விரைவு நாற்பது ஆண்டுகளாகத் தம்மிடம் சொல்லப்படாத கதையின் மிச்சம் என்பது யதிராஜனுக்குப் புரிந்தது.

முகைதீன் மேசையைத் தூக்கினார். விமானம் சற்றே அசைந்தது, கொட்டையில் முட்டியது, நின்றது.

யதிராஜன் கையை நீட்டவில்லை. குனிந்து, தளத்தின் மட்டத்திற்குக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் தூக்குலே” என்றார்.