நீலக் குடையா, மஞ்சள் மீனா?

சின்னவளுக்கு அந்த வேலையில் ஒரே ஒரு கட்டளைதான். எது நல்லது என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

உதவி மையத்தில் உட்கார்ந்துகொண்டு உதவக் கூடாதென்றால் எப்படி? இதை அவள் சூப்பர்வைசரிடமே கேட்டுப் பார்த்தாள். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

“இதோ பாரும்மா,” என்றார் அவர். “நம்ம கம்பெனி கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் பண்ணி விக்குது. இன்டர்நெட் பார்க்கிற பிரௌசரையும் நாமளே உள்ளே வச்சு அனுப்பினோம். வீட்டை வித்தவன் சமையல்காரனையும் உள்ளே உட்கார வச்சு வித்த மாதிரி. மத்த சமையல்காரங்க சும்மா இருப்பாங்களா? கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. ஜட்ஜ் என்ன சொல்லிட்டார்? எல்லாரையும் வாசல்ல வரிசையா நிறுத்து, வீட்டுக்காரங்களே பொறுக்கிக்கட்டும், நீ வாயைத் திறக்காதேன்னுட்டார். அதான் கம்ப்யூட்டரைப் போட்டதும் எல்லா பிரௌசரும் ஒரு பெட்டியில வரிசையா வந்து நிக்குது.”

“அவங்களுக்குப் பொறுக்கத் தெரியலைன்னா?”

“அதுக்குத்தான் நாம இருக்கோம்.”

“நாமதான் சொல்லக் கூடாதே சார்?”

சூப்பர்வைசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ நிரந்தரம் ஆகிற வரைக்கும் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்காதே.”

அங்கேதான் உதைத்தது. இந்த வாரக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும். கணவனின் கடை படுத்துவிட்டதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. அதில் இருந்த வாயாடி, ஒரு பெரியவரிடம் “பழசையே வச்சுக்கங்க தாத்தா, எதுக்கு வம்பு?” என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவளைப் பிடித்தது காது.

காது என்பது கோர்ட் நியமித்த கண்காணிப்பாளருக்கு அந்த ஹால் வைத்த பெயர். மூலையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, நினைத்த அழைப்பை ஒட்டுக் கேட்பார். அவர் கேட்கும்போது மேஜையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

இப்போது சின்னவளின் விளக்கு எரிந்தது.

“வணக்கம், உதவி மையம். சொல்லுங்க மேடம்.”

“என்னத்தைச் சொல்றது? கம்ப்யூட்டரைப் போட்டா நடுவுல ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருக்கு. நீலக் குடையாம், மஞ்சள் மீனாம், பச்சை ஏணியாம். ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு அதட்டுது. அந்தப் பக்கம் பிள்ளைங்க, நான் இன்டர்நெட்ல எடுக்கிற கணக்கு ட்யூஷனுக்குக் காத்துக்கிட்டிருக்கு. எதை அமுக்கணும்?”

சின்னவள் ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். இது கணவனின் அக்கா குரல் அல்லவா? ஒரு வருஷமாக இவளோடு பேச்சுவார்த்தையே இல்லாத பெரிய நாத்தனார். காரணம், ஒரு வாஷிங் மெஷின். “இதை வாங்குங்க அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்று சொன்னது இவள்தான். மெஷின் முதல் துவையலிலேயே கூடத்தை ஏரியாக்கிவிட்டது.

“உங்கள் தேவைக்கு ஏற்றதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், மேடம்.”

“இரு, இரு. நீ சின்னவதானே?”

சிவப்பு விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்தது.

“ஆ... ஆமாம் மேடம்.”

“யாருடி மேடம்? அன்னைக்குக் கேட்காமலே மெஷினுக்கு வக்காலத்து வாங்கின வாய், இன்னைக்குக் கேட்டும் திறக்க மாட்டேங்குது. இன்னும் மனசுல வச்சுக்கிட்டிருக்கியா?”

“ஐயோ, இல்லை அண்ணி... மேடம். கோர்ட் உத்தரவு. எதையும் சிபாரிசு பண்ணக் கூடாது.”

“கோர்ட்டா? நாத்தனாருக்கு வழி சொல்லக் கூடாதுன்னு கோர்ட்டா சொல்லுச்சு? சரி, இதுவரைக்கும் நான் எதை வச்சிருந்தேன்? அதையாவது சொல்லு.”

சின்னவள் விழித்தாள். சொன்னால் அது தகவலா, சிபாரிசா? சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“மூணுமே இன்டர்நெட்டைத் திறக்கும் மேடம். பிடிக்கலைன்னா அப்புறம் மாத்திக்கலாம்.”

“மெஷினையும் மாத்திக்கலாம்னுதான் சொன்னே. போகட்டும், என் தம்பி எதை வச்சிருக்கான்?”

என்ன சொல்வது? வீட்டில் அந்தப் பெட்டி வந்து பல நாளாயிற்று. அதைக் கண்டாலே கணவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போகிறான்.

“அவர் இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லை மேடம்.”

மறுமுனையில் வெடிச் சிரிப்பு. “என் தம்பியா? சட்டை எடுக்கப் போனாலே கடையை மூடுற வரைக்கும் யோசிக்கிறவனாச்சே! பாவம்டி நீ. சரி, நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே பண்றேன். கண்ணை மூடிக்கிட்டு விரலை வைக்கிறேன்... ஆங், நீலக் குடை! அட, இது பழசு மாதிரியே இருக்கே? வேண்டாம், நீ பேசாதே. ஞாயித்துக்கிழமை அவனையும் இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வா.”

லைன் துண்டானது. விளக்கும் அணைந்தது.

சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. நீலக் குடை கம்பெனியின் சொந்தச் சரக்கு. எடுத்ததோ சொந்த நாத்தனார். போதாக்குறைக்கு “நீ சொன்ன மாதிரியே” என்று வேறு பதிவாகியிருக்கிறது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒரு விரல் அழைத்தது.

“கண்ணை மூடிக்கிட்டுன்னு எப்போ சொன்னீங்க?” என்றார் காது.

“அது வாஷிங் மெஷினுக்கு சார்.”

“இந்த வழக்குல வாஷிங் மெஷின் எங்கே வருது?”

“வழக்குல வரலை சார். குடும்பத்துல வருது.”

காது பேனாவால் தன் காதைச் சொறிந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தணித்தார்.

“எங்க வீட்டுலயும் அந்தப் பெட்டி வந்திருக்கு. ‘நாள் முழுக்க இதைத்தானே கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, எதுன்னு சொல்லுங்க’ன்னு என் சம்சாரம் பிடுங்கி எடுக்கறா. நான் கோர்ட் ஆளு, சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்களேன், எதை எடுக்கலாம்?”

நிஜமாகவே கேட்கிறாரா? வலை விரிக்கிறாரா? சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பெண்டாட்டிக்குப் பயந்த முகம் மாதிரியும் இருந்தது, ஆளைப் பிடிக்கும் முகம் மாதிரியும் இருந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு விரலை வைக்கச் சொல்லுங்க சார்.”

“இது சிபாரிசா?”

“தெரியலை சார்.”

காது பேனாவைத் திறந்து மூடினார். “எனக்கும் தெரியலை,” என்றார். “தெரியலைன்னு எழுதினா, அப்புறம் நான் எதுக்குன்னு கேட்பாங்க. சிபாரிசு இல்லைன்னே எழுதிடறேன். போங்க.”

வெளியே சூப்பர்வைசர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். “என்னம்மா ஆச்சு?”

“வேலை தப்பிச்சுடுச்சுன்னுதான் சார் நினைக்கிறேன்,” என்றாள் சின்னவள். “எப்படின்னு மட்டும் கேட்காதீங்க.”